எல்லா மரமும் வரமல்ல

மரத்தை வெட்டச் சொல்லி எழுதக் கை கூசுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களைக் கண்ட டெல்டாக்காரனுக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஆயினும் நம் குளங்களையும் வாய்க்கால்களையும் மீட்க வேண்டுமானால், அவற்றுக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல மரங்களை அகற்றியே ஆக வேண்டும்.

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே 1903இல் திறந்த வெளியில் அமைந்தது ஓக்மான்ட் கோல்ஃப் மைதானம். 1960களில் அங்கே அழகுக்காக ஆயிரக்கணக்கில் மரங்கள் நடப்பட்டன. அவை வளர்ந்தபோது நிழலால் புல்தரை நலிந்தது; மைதானத்தின் பழைய தோற்றமும் மறைந்தது. 1990களில் மரங்களை அகற்றத் தொடங்கிய நிர்வாகம், உறுப்பினர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி, பொழுது விடியும் முன்பே வெட்டி அப்புறப்படுத்தியது. இன்று பழைய மைதானங்களை மீட்பவர்களுக்கு ஓக்மான்ட் ஒரு முன்னுதாரணம். மரம் நல்லதா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. அந்த இடம் எதற்காக அமைந்தது என்பதே.

நம் குளங்கள் நீரைத் தேக்க அமைந்தவை. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கருவேலம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்டது. காயைத் தின்ற ஆடுமாடுகள் விதையை ஊரெங்கும் கொண்டு சேர்த்தன. காற்றின் ஈரத்தையே அது உறிஞ்சிவிடும் என்ற பேச்சுக்கு அறிவியல் சான்று இல்லை. உண்மையான தீங்கு வேறு: வாய்க்காலில் நீரோட்டத்தை மறிக்கிறது, வண்டலைப் பிடித்துவைத்துக் குளத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது, நாட்டு மரங்களைத் தலையெடுக்க விடுவதில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பகுதியில், தாமதமாக வரும் நீரைத் தேக்கக் குளத்தில் இடமில்லையெனில் சாகுபடியே கேள்விக்குறியாகும்.

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. எனினும் நான் நடைப்பயிற்சி செல்லும் குளத்தில், வெட்டிய மூன்றாம் ஆண்டே மீண்டும் முட்காடு. காரணம் எளிய பொருளியல். ஏலம் எடுத்தவருக்கு விறகுக்கு விலை உண்டு, வேருக்கு விலையில்லை. எனவே தூரை விட்டுவிட்டு மரத்தை மட்டும் வெட்டுகிறார். அடிக்கட்டையிலிருந்து மரம் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கிறது.

தீர்வும் அங்கேயே இருக்கிறது. வேரோடு பெயர்ப்பதற்குக் கூலி தர வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை இரண்டு மழைக்காலம் கழித்து, மறுமுளைப்பு இல்லையென்று ஊராட்சி உறுதி செய்த பின்னரே வழங்க வேண்டும். முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கும் வேலையை, இதுவரை இவ்விறகை நம்பிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களுக்கே அளிக்கலாம். கருவேலத்தைச் சாக்கிட்டுக் கரையிலுள்ள பனையையும் புங்கனையும் சாய்த்துவிடாமலிருக்க, வெட்ட வேண்டிய மரங்களை முன்கூட்டியே குறியிட வேண்டும்.

2019இல் பேராவூரணி பெரியகுளத்தை ஊர் மக்களே நிதி திரட்டித் தூர்வாரினார்கள். மனமிருந்தால் ஊரால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் மீட்பது ஒரு பருவத்து வேலை. காப்பது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. வரவு செலவுத் திட்டங்களில் நாம் எழுத மறப்பது இந்த இரண்டாவது செலவைத்தான்.