‘இன்ஜின் போச்சு தம்பி!’ நம்புறதுக்கு முன்னாடி நாலு டெஸ்ட்

சித்தப்பா ஓட்டி முடிச்ச மாருதி 800 உங்க வீட்டு வாசலுக்கு வந்தாச்சா? இல்ல, ரூம்மேட்ஸ் நாலு பேரு பாக்கெட் மணியைச் சேர்த்து ஒரு பழைய வண்டியைப் பிடிச்சிருக்கீங்களா? வாழ்த்துகள் பாஸ்! கூடவே ஒரு எச்சரிக்கையும். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டின அந்த வண்டி, ஒரு நாள் ஏற்காடு மலையோட 20 ஹேர்பின்ல ஏதோ ஒண்ணுல புகையைக் கக்கிட்டு நின்னுடும். ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போனா, பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு மூணே வார்த்தையில தீர்ப்பு வரும்: ‘இன்ஜின் போச்சு தம்பி!’

அதைக் கேட்டதும் நமக்கு மயக்கம் வரும். செமஸ்டர் ஃபீஸை விட பெரிய பில் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்க. ‘காய்ச்சல்’னு சொன்னா அது டெங்குவா இருக்கலாம், சாதாரண ஜலதோஷமாவும் இருக்கலாம் இல்லையா? ‘இன்ஜின் போச்சு’ங்கறதும் அப்படித்தான். எந்த பார்ட் போச்சுன்னு தெரியாம இன்ஜினைப் பிரிக்கவே விடாதீங்க. பாதிக்கு மேல உண்மையை, பிரிக்காமலே கண்டுபிடிச்சுடலாம்.

இந்த விஷயத்தைக் கத்துக்க மாருதி 800 ஒரு நல்ல வாத்தியார். 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்தின வண்டி. 796 சிசி, மூணே சிலிண்டர். ஒளிவு மறைவு இல்லாத இன்ஜின். இங்கே சொல்ற டெஸ்ட் எல்லாம் மற்ற பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

முதல் வேலை... ஆஃப்!

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனாலோ, ஓடும்போது ஆயில் லைட் எரிஞ்சாலோ, ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க. ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்’னு ஓட்டறதுதான் சின்ன செலவைப் பெரிய செலவாக்கும். 800-ல சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதிகமா சூடானா வளைஞ்சுடும். ஆயில் பிரஷர் இல்லாம ஓடினா, பேரிங் கொஞ்ச நேரத்துலயே தேய்ஞ்சுடும். இன்னொண்ணு, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்கவே கூடாது. கொதிக்கிற தண்ணி முகத்துல பீச்சும்.

டெஸ்ட் 1: புகைக்கு என்ன கலர்?

காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் மெல்லிசா வர்ற வெள்ளைப் புகை வெறும் நீராவி. பயம் வேண்டாம். வண்டி நல்லா சூடான பிறகும் கெட்டியா வெள்ளைப் புகை வந்துட்டே இருந்து, கூலன்ட்டும் குறைஞ்சுட்டே போனா, தண்ணி சிலிண்டருக்குள்ள போய் எரியுதுன்னு அர்த்தம். முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கட் மேல.

நீலப் புகைன்னா ஆயில் எரியுது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது ‘புஸ்’னு ஒரு தடவை வந்துட்டு நின்னா, அது பெரும்பாலும் வால்வ் சீல். சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்துட்டே இருந்தா, பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ஞ்சிருக்கலாம். பெரிய வேலை.

கறுப்புப் புகையா? பெட்ரோல் அதிகமா போகுது. கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், சென்சார் பக்கம் பாருங்க. இன்ஜின் மேல பழி போடாதீங்க.

டெஸ்ட் 2: குச்சியும் மூடியும்

வண்டி ஆறினதும் ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. பால் கலந்த காபி மாதிரி இருந்தா, ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டுல விரிசலும் இருக்கலாம். ஆனா ஆயில் ஊத்தற மூடிக்கு அடியில மட்டும் லேசா வெண்ணெய் மாதிரி படிஞ்சிருந்தா பதற வேண்டாம். ஹாஸ்டல்ல இருந்து காலேஜ், காலேஜ்ல இருந்து டீக்கடைன்னு குட்டிக் குட்டி டிரிப்பா ஓடுற வண்டியில, ஈரம் ஆவியாகாம அப்படிப் படியும்.

அடுத்தது ரேடியேட்டர். இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா விட்டுடுங்க. சோடா மாதிரி நிக்காம வந்துட்டே இருந்தா, சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள புகுந்துடுச்சு. கேஸ்கட் மேல சந்தேகம் இன்னும் பலமாகுது.

குமிழியும் இல்ல, ஆயிலும் சுத்தமா இருக்கு, வண்டி மட்டும் ஹீட் ஆகுதா? ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத ஃபேன், மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட், தேய்ஞ்ச வாட்டர் பம்ப். இந்த நாலையும் பார்த்து முடிக்காம ஹெட்டைக் கழற்றக் கூடாது.

டெஸ்ட் 3: டக் டக்கா, தொம் தொம்மா?

இன்ஜினோட மேல் பக்கத்துல இருந்து மெல்லிசா ‘டிக் டிக் டிக்’னு தையல் மெஷின் மாதிரி கேட்டா, பெரும்பாலும் டாப்பெட் சத்தம். அட்ஜஸ்ட் பண்ணினாலே அடங்கிடும்.

அடியில இருந்து ‘தொம் தொம்’னு கனமா கேட்குதா? ரேஸ் பண்ணினா வேகமாகுதா? மேடு ஏறும்போது அதிகமாகுதா? அப்போ அது கனெக்டிங் ராடு பேரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒவ்வொரு பிளக்கா கரன்ட்டைத் துண்டிச்சுப் பார்ப்பார். எந்த சிலிண்டரைத் துண்டிக்கும்போது சத்தம் குறையுதோ, வில்லன் அங்கேதான். இந்தச் சத்தத்தோட வண்டியை ஓட்டாதீங்க. ராடு உடைஞ்சு பிளாக்கையே ஓட்டை போட்டுடும்.

டெஸ்ட் 4: கம்ப்ரஷன் - கடைசித் தீர்ப்பு

இதுதான் முக்கியமான பரீட்சை. இன்ஜின் சூடா இருக்கணும். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டிச்சுட்டு, மூணு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு செல்ஃப் அடிக்கணும். மூணு நம்பர் கிடைக்கும்.

உதாரணத்துக்கு 165, 160, 90 பிஎஸ்ஐன்னு வருதுன்னு வைங்க. மூணாவது சிலிண்டர் ஃபெயில்! இப்போ அதே ஓட்டையில ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊத்திட்டு மறுபடி அடிங்க. நம்பர் நல்லா ஏறினா ரிங் தேய்மானம், ஏன்னா ஆயில் அந்த இடைவெளியை அடைச்சுடுது. ஏறவே இல்லைன்னா வால்வோ கேஸ்கட்டோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து குறைவா இருந்தா, நடுவுல கேஸ்கட் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். மூணுமே குறைவுன்னா மொத்தத் தேய்மானமா இருக்கலாம், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம்.

பெல்ட்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஓடிட்டிருந்த வண்டி பட்டுனு ஆஃப் ஆகி, அப்புறம் செல்ஃப் அடிச்சா வழக்கத்தை விட லேசா ‘விர்ர்’னு சுத்துதா? பெல்ட் அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க. சில இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வை வளைச்சுடும்.

மூணு சிலிண்டரும் நல்ல நம்பர் காட்டி, வண்டி மட்டும் குலுங்குதா? பிளக், பிளக் வயர், காயில்னு தேடுங்க. ஒரு பிளக் மாத்தினா முடியற வேலைக்கு ‘ஃபுல் ஒர்க்’ எதுக்கு?

சரி, செலவு பண்ணலாமா?

ஹெட் கேஸ்கட்னா, ஹெட்டை லேத்துல கொடுத்து ஃபேசிங் பண்ணி மாட்டினா வண்டி இன்னும் பல வருஷம் ஓடும். போர், கிராங்க்னு வந்துட்டா, பில்லையும் வண்டியோட விலையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டறது மலிவா இருக்கலாம். அதையும் கம்ப்ரஷன் பார்க்காம வாங்காதீங்க. ஆர்சியையும் ஒரு கண் பாருங்க. 15 வருஷம் முடிஞ்சா புதுப்பிக்கணும், அந்தச் செலவும் கணக்குல வரும்.

ஷெட்டுல கேட்க வேண்டியது மூணே விஷயம்தான். ‘அண்ணே, எந்த டெஸ்ட்ல தெரிஞ்சது?’, ‘எவ்ளோ ஆகும்னு எழுதிக் கொடுங்கண்ணே’, ‘கழட்டின பழைய பார்ட்டை என்கிட்ட கொடுத்துடுங்கண்ணே.’ நல்ல மெக்கானிக் இதுக்கெல்லாம் கோபப்பட மாட்டார். கேஜை உங்க கையிலயே கொடுத்து ‘நீயே பாரு தம்பி’ம்பார். அப்படி ஒரு அண்ணன் கிடைச்சா, வண்டியை மாத்தினாலும் அவரை மட்டும் மாத்திடாதீங்க!