கோழியின் உடற்காவலர்



நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதனை எதிர்த்து நிற்பவை வெள்ளணுக்கள் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அக்காவலர்க்கும் உணவு வேண்டுமல்லவா? அது குறைந்தால் என்ன நேரும் என்பதைக் கோழியைக் கொண்டு விளக்க எண்ணுகிறேன்.

நோயெதிர்ப்பு ஆராய்ச்சியில் கோழிக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதன் கழிவாயின் மேற்புறம் ஒரு சிறு பை இருக்கிறது. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பெப்ரீஷியஸின் பெயரால் அது வழங்குகிறது. இளமையிலேயே அப்பை நீக்கப்பட்ட கோழிகள் கிருமிகளுக்கு மாறான எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாமற் போவதை, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் கிளிக்கும் அவர் தோழர்களும் 1956-இல் வெளியிட்டனர். நம் உடலில் எதிர்ப்பொருளை ஆக்கும் அணுக்களைப் 'பி' அணுக்கள் என்கிறோம். 'பர்சா' எனப்படும் அப்பையின் முதலெழுத்தே அது.

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாவதுபோல், இருபது வகை அமினோ அமிலங்கள் கோவையாகிப் புரதங்கள் ஆகின்றன. அவற்றுட் சிலவற்றை உடலே ஆக்கிக்கொள்ளும். ஏனையவை உணவின் வழியே வரவேண்டும். வளர்ந்த மனிதர்க்கு அவ்வாறு வரவேண்டியவை 9. கோழிக்கோ அவற்றோடு ஆர்ஜினினும் வேண்டும்.

ஏன் இந்த வேற்றுமை? நம் உடல் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றுகிறது. அவ்வழியில் ஆர்ஜினினும் உருவாகிறது. கோழி அக்கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது; அதன் எச்சத்திற் காணும் வெண்மை அதுவே. யூரியா வழியின் முதற்படிக்கு வேண்டிய நொதி கோழியிடம் இல்லை. ஆகவே ஆர்ஜினினுக்கு அது தீவனத்தையே நம்பியிருக்கிறது.

இதனாற் காவலர்க்கு நேரும் இடர் யாது? கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் சில, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கி அவற்றைத் தாக்குகின்றன. அவ்வாயுவுக்கு மூலப்பொருள் ஆர்ஜினினே. அது கிடைக்காதபோது, பகைவன் எதிரே நின்றாலும் காவலன் கையிற் படைக்கலம் இராது.

அங்ஙனமாயின் அமினோ அமிலங்களை அள்ளிக் கொட்டிவிடலாமா? கூடாது. லைசின் அளவு மீறினால், கோழியின் சிறுநீரகத்தில் ஆர்ஜினினைச் சிதைக்கும் நொதி பெருகுகிறது. ஒன்றைக் கூட்டப் போய் மற்றொன்றை இழக்கிறோம்.

பாலின் புரதமாகிய கேசீனில் லைசின் மிகுதி; ஆர்ஜினின் குறைவு. அதனையே தனிப் புரதமாக உண்ணும் குஞ்சு சரிவர வளராது. கடலைப் பிண்ணாக்கிலோ ஆர்ஜினின் மிகுதி, லைசின் குறைவு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

வெள்ளணுக்கள் நேரே எடுத்துக்கொள்ளும் பங்கு சிறிது. தசையும் இறகும் கொள்வதே பெரிது. ஆயினும் நோயுற்ற கோழி தீவனத்தை வெறுக்கிறது. அப்போது தசைப் புரதம் கரைந்து, அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டு கல்லீரல் நோய்க்கால புரதங்களை ஆக்குகிறது. பறவை மெலிகிறது, வளர்ப்பவர்க்கு இழப்பு நேர்கிறது. நலமாயிருந்த நாளில் உண்ட உணவே நோய் நாளில் கைகொடுக்கிறது.

ஆகவே, தீவனத்தில் எவ்வளவு புரதம் உண்டு என்று கேட்பதோடு நில்லாமல், எந்த அமினோ அமிலம் எந்த விகிதத்தில் உண்டு என்றும் கேட்கப் பழகுங்கள். வேதியியல் ஏட்டில் நீங்கள் காணும் ஒரு வாய்பாடு, ஒரு பறவையின் உயிரையும் ஓர் உழவரின் உழைப்பையும் காக்க வல்லது என்பது அப்போது விளங்கும்.