விதிநூலில் இல்லாத விழா

பட்டமளிப்பு விழாவில் யார் முன்னே செல்வது, எந்நிற அங்கி அணிவது, எப்போது எழுந்து நிற்பது என அனைத்தையும் பல்கலைக்கழகமே வரையறுக்கிறது. பட்டம் பெறுவோர் தாமே உருவாக்கிக்கொண்ட வழக்கங்களும் உண்டு. எந்த விதிநூலிலும் இடம்பெறாத அவற்றுள் சில, விதியை எதிர்த்தே நிலைத்திருக்கின்றன.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், பழைய நகரமன்றத்தின் முன்னுள்ள நீரூற்றில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1901ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அச்சிலை அரசருடையதோ அறிஞருடையதோ அன்று. வாத்து மேய்க்கும் எளிய பெண்ணொருத்தியுடையது. ‘கேன்சலீசல்’ என்பது அவள் பெயர். முனைவர் பட்டத் தேர்வில் வென்றவரை, உடன் ஆய்வு செய்தோர் அலங்கரித்த கைவண்டியில் அமர்த்தி இழுத்து வருவர். அவர் தலையில், அவர்களே செய்த தொப்பி இருக்கும். அவருடைய ஆய்வுப் பொருளை நகைச்சுவையோடு காட்டும் சிறு பொருள்கள் அதன்மீது ஆடிக்கொண்டிருக்கும். அவர் நீரூற்றின்மேல் ஏறிச் சிலைக்குப் பூங்கொத்து அளித்து முத்தமிட வேண்டும். கால் வழுக்கினால் புதிய முனைவர் நனைய வேண்டியதுதான்! பல்லாண்டுகள் நூல்களோடும் கருவிகளோடும் தனித்து உழைத்தவரை, ஊரார் நின்று பார்த்து மகிழும் நாள் அது. மேடையில் பெறும் சான்றிதழால் இம்மகிழ்ச்சியைத் தர இயலுமா என்பது ஐயமே.

தொடக்கத்தில் இது புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் வழக்கமாக இருந்தது. அவர்களது ஆரவாரம் பொறுக்காமல் 1926இல் முத்தமிடத் தடை விதிக்கப்பட்டது. மாணவர் ஒருவர் தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றார். எனினும், வழக்கில் தோற்றது வழக்கத்தில் தோற்கவில்லை. தடை ஏட்டில் இருக்க, முத்தம் தொடர்ந்தது. சிலையின் நூற்றாண்டான 2001இல்தான் தடை முறைப்படி நீக்கப்பட்டது. அதற்குள் மூலச்சிலை அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டது. இன்றைய முனைவர்கள் முத்தமிடுவது அதன் படியையே.

தொப்பியை வானில் வீசும் வழக்கத்திற்கோ காரணம் மிக எளியது. அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்றோர், முன்பெல்லாம் படிப்பு முடிந்தபின்னும் ஈராண்டுகள் பயிற்சி நிலையிலேயே கப்பலில் பணியாற்றினர். பழைய தொப்பி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1912இல் பட்டம் பெற்றவர்களோ உடனே அதிகாரிகளாயினர். புதிய தொப்பிகளும் கிடைத்தன. பழையவற்றை என்ன செய்வது? மேலே வீசினர். இன்றும் அங்கே வீசப்படும் தொப்பிகளை எவரும் திரும்ப எடுப்பதில்லை. ஓடிவரும் சிறுவர் சிறுமியர் அவற்றைப் பொறுக்கிச் செல்கின்றனர்.