யாருக்குச் சொன்ன வசனம்?

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று சித்தூர்ப் பக்கத்துச் சபைகளில் பீடத்தின் முன்னால் கால் வைக்க இடமிருக்காது. பூசணிக்காய், வாழைத்தார், வேரோடு பிடுங்கிய நிலக்கடலைச் செடி, கால் கட்டிய சேவல் என்று அவரவர் விளைவித்ததும் வளர்த்ததும் வந்து குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். தெலுங்கும் தமிழும் கலந்து விலை ஏறும். அதற்குமுன் நடக்கும் பிரசங்கத்தில், பெரும்பாலும், தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் வந்துவிடும். உழைக்க மனமில்லாதவருக்குச் சோறும் கிடையாது என்று அப்போஸ்தலர் விதித்த பகுதி அது.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். விடிவதற்குமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கி, தக்காளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போகிற பெண்கள். மாங்கூழ் ஆலையில் சீசன் முழுக்க நின்றபடியே பழம் நறுக்குகிறவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் பாடுபட்ட மாலர், மாதிகர், பறையர் குடும்பங்களிலிருந்து சபைக்குள் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். இவர்களைப் பார்த்துச் சோம்பலைக் கண்டிப்பதில் ஒரு அநியாயம் இருக்கிறது. வேதம் சோம்பலைக் கண்டிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, கடுமையாகவே கண்டிக்கிறது. ஆனால் அந்தக் கண்டனத்துக்கு ஒரு முகவரி உண்டு. முகவரி மாறிப் போகும்போதெல்லாம் அது ஏழையின் மேல் விழும் அடியாகிவிடுகிறது.

தெசலோனிக்கே சபையில் நடந்தது என்ன? கர்த்தர் சீக்கிரம் திரும்பி வரப்போகிறார் என்ற பரபரப்பில் சிலர் கைத்தொழிலை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் அடுத்தவர் விஷயத்தில் தலையிட்டுக்கொண்டு, மற்றவர் உழைப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பவுலின் கோபம் அவர்கள்மேல்தான். வேலை செய்ய முடிந்தும் மனமில்லாதவர்கள் என்று அவர் சொல் எடுத்து வைக்கும் இடம் மிகத் துல்லியமானது. வேலை கிடைக்காதவரை, உடம்பு முடியாதவரை, பிள்ளை பெற்றுக் கிடப்பவளை அந்த வாக்கியம் தொடவில்லை.

எழுதியவருக்கு அதை எழுதும் தகுதியும் இருந்தது. பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில் தங்கி அதே தொழிலைச் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. ஊழியக்காரன் சபையிடம் பிழைப்புக்குப் பெற்றுக்கொள்ள உரிமை உண்டு என்று அவரே வேறிடத்தில் வாதாடியவர். ஆனாலும் அதை வாங்காமல் இரவும் பகலும் கையால் உழைத்தார். அவர் வணங்கிய ஆண்டவரையும் ஊர்க்காரர்கள் தச்சன் என்றுதான் அடையாளம் சொன்னார்கள். கையில் அழுக்குப் படும் வேலையைக் கீழானதாக எண்ணிய கிரேக்க, ரோம உலகத்துக்கு இது புதிது. மண்ணும் தோலும் மரமும் தொட்டவனைத் தள்ளிவைத்த நம் ஊருக்கு இன்னும் புதிது. நம் சபைகளில் இந்தப் பக்கத்தைப் பிரசங்கிக்கக் கேட்பது அரிதாக இருப்பது எனக்கு வருத்தம்.

நீதிமொழிகள் எறும்பைப் போய்ப் பார்க்கச் சொல்கிறது. மேற்பார்வையாளன் இல்லாமலே கோடையில் சேர்த்து வைக்கும் அந்தச் சிறு உயிரை எல்லாருக்கும் தெரியும். அந்த நூலை மட்டும் வாசித்தால் சுறுசுறுப்பானவன் செழிப்பான், சோம்பேறி வறுமைப்படுவான் என்று கணக்கு நேராகத் தெரியும். அதே வேதாகமத்தில் இரண்டு பக்கம் தள்ளி வரும் பிரசங்கி, ஓட்டத்தில் வேகமானவனே ஜெயிப்பதில்லை, காலமும் சம்பவமும் எல்லாரையும் தாக்கும் என்கிறார். சித்தூர் மாவட்டத்து மா விவசாயிக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 2025 கோடையில் தோதாபுரி நன்றாகவே காய்த்தது. காய்த்ததுதான் வினையாயிற்று. கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டின; விலை விழுந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த வருஷம் நஷ்டப்பட்டவனைச் சோம்பேறி என்று யாராவது சொல்ல முடியுமா?

இதே சித்தூர், 1911 ஏப்ரலில் தனி மாவட்டம் ஆகும்வரை, மெட்ராஸ் மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சம் இந்த வறண்ட தாலுகாக்களையும் விடவில்லை. நிவாரணம் வேண்டுமானால் வேலை செய்ய வேண்டும். சும்மா கஞ்சி ஊற்றினால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது அன்றைய ஆட்சியின் நம்பிக்கை. 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் வெட்டும் ஆண் ஒருவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்: கடின வேலை செய்யும் உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் கூடச் சேர வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் மாகாண அரசு பாதி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன அதிகாரிகள், தெசலோனிக்கேயர் நிருபத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், எலும்பும் தோலுமாக வந்து நின்றவனைச் சோம்பேறி என்று சந்தேகப்பட்டார்கள். வசனத்துக்கு நேர்ந்த இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரியவில்லை.

அதே வருஷம் அதே மாகாணத்தில் வேறொரு கிறிஸ்தவரும் வேலையைக் கையில் எடுத்தார். ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளாவ், ஊழியத்துக்கு வருமுன் நில அளவை கற்றவர். பஞ்ச வேலையாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்த பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தைக் காண்டிராக்ட் எடுத்தார். தம் உபதேசியார்களையே மேஸ்திரிகளாக நிறுத்தினார். மற்ற இடங்களில் அதட்டும் கங்காணியிடம் அடி வாங்கியவர்களுக்கு இங்கே வேலைக்கு உரிய கூலி கிடைத்தது. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, பஞ்சம் நீடித்த வரைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார். பஞ்சம் தணிந்தபின் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மிகப் பெரும்பாலோர் மாதிகர். மண்வெட்டி டெம்பிளின் முகாமிலும் இருந்தது, கிளாவின் கால்வாயிலும் இருந்தது. முதல் இடத்தில் வேலை ஏழையைச் சோதிக்கும் தேர்வு. இரண்டாவது இடத்தில் அது அவனுக்குச் சேர வேண்டிய உரிமை. யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே வாய்திறந்து கடவுளிடம் முறையிடும் என்று நிலக்காரரை எச்சரிக்கிறார். பழைய ஏற்பாட்டுச் சட்டமும் ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. சோம்பலைப் பற்றிய வசனங்களோடு சேர்த்து இவற்றையும் அறுப்பின் பண்டிகையில் வாசித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஓய்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு நாள் வேலை என்று கட்டளையிட்ட அதே பத்துக் கட்டளைகள் ஏழாம் நாள் நிறுத்தச் சொல்கின்றன. வீட்டுக்காரன் மட்டுமல்ல, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வந்து தங்கிய அந்நியன் வரைக்கும். அடிமைத்தனத்திலிருந்து வந்த ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய சட்டம்!

ஓய்வே மருந்தாக இருந்த ஓரிடம் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் இருந்தது. தென்னிந்தியாவின் பல மிஷன்கள் கூடி 1912இல் அங்கே காசநோய்ச் சானடோரியத்தைத் தற்காலிகமாகத் தொடங்கின. 1915இல் அது ஊருக்கு வெளியே ஆரோக்கியவரத்தில் சொந்த இடத்துக்குப் போனது. முதல் மருத்துவத் தலைவர் டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரீமாட் மோலர். பின்னாளில் டாக்டர் பி.வி. பெஞ்சமின் அந்தப் பொறுப்புக்கு வந்து, அங்கிருந்து மத்திய அரசின் காசநோய் ஆலோசகரானார். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்குமுன் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை. மாதக்கணக்கில் படுக்கை. விலாவுக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, நோய் பிடித்த நுரையீரலைச் சுருக்கி அதற்கும் ஓய்வு கொடுத்தார்கள்.

அக்காலச் சானடோரிய மருத்துவத்தில் வேலையும் மருந்துதான். இங்கிலாந்தில் ஃப்ரிம்லியில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், குணமாகி வருகிறவரை முதலில் நடக்க விடுவார். பிறகு கூடையில் மண் சுமக்க, பிறகு சின்ன மண்வெட்டி, பெரிய மண்வெட்டி, கடைசியில் பிக்காசு. காய்ச்சல் ஏறினால் மறுபடி படுக்கை. மருந்தை அளப்பதுபோல உழைப்பை அளந்தார்கள்.

பிறகு அந்த ஓய்வு வைத்தியமும் மாறியது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதியியல் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வு குறைவு, சாப்பாடு மோசம், இருந்த இடமோ நெருக்கடி. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது. நாள்கூலிக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்க அவன் வீட்டில் வழியில்லை. மாத்திரையை விழுங்கிக்கொண்டே குடும்பத்தோடு இருக்கலாம் என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. ஆரோக்கியவரத்தின் பழைய நாட்களை நான் குறைத்துப் பேசவில்லை. இருமிக்கொண்டு வந்தவனை அங்கே யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அதுவே பெரிது.

இன்று இந்த வட்டாரத்தில் வேலையில்லாமல் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் திருப்பதிக்குப் போக வேண்டும். காலை ஆறரை, ஏழு மணிக்குச் சில சாலைச் சந்திப்புகளில் ஆட்கள் கூடி நிற்பார்கள். அட்டா என்பார்கள் அதை. கோணிப்பையில் கரணையும் ரசமட்டமும் வைத்திருக்கும் கொத்தனார், பெயின்ட் காய்ந்துபோன வாளியோடு ஒருவர், சும்மாட்டுத் துணியும் டிபன் பாக்ஸுமாகச் சித்தாள் பெண்கள். மேஸ்திரி பைக்கை நிறுத்தியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். இரண்டு பேர் ஏறிக்கொள்வார்கள், எட்டுப் பேர் மறுபடி சுவரோரம் போய் நிற்பார்கள். ஒன்பதரை ஆனால் அன்றைக்கு இனி அழைப்பு வராது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை இப்படி ஒரு இடத்தில்தான் நடக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். அதன்பின் மூன்று தடவை போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறார். ஏன் பகலெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் எங்களை வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். அவர் அந்தப் பதிலை நம்புகிறார். நான் அந்தக் கதையில் அதிகம் நின்று யோசிக்கும் இடம் இதுதான். சந்தேகப்படவில்லை, சோதிக்கவில்லை. வேலைக்கு அனுப்புகிறார், சாயங்காலம் காலையிலிருந்து உழைத்தவனுக்குப் பேசிய அதே முழு நாள் கூலியைக் கொடுக்கிறார், ஏனென்றால் அவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பசிதான்.

நம் நாட்டுச் சட்டமும் ஒருமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அன்று சித்தூருக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த அனந்தபுரத்தில், பண்ட்லப்பள்ளி கிராமத்தில், 2006 பிப்ரவரி 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. நடைமுறையில் அந்தப் படியைக் கையில் வாங்கியவர் அபூர்வம். நகரத்து அட்டாவுக்கோ அந்தச் சட்டமே கிடையாது.

அட்டாவில் நிற்பவர்களுக்கென்று இருப்பது கட்டடத் தொழிலாளர் நல வாரியம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்தபடி, கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கைச் செஸ்ஸாக வசூலித்து அதற்குக் கொடுக்கிறார்கள். முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் அதில் பதிவு செய்துகொள்ளலாம். அந்த 90 நாளுக்கு அத்தாட்சி வாங்குவதுதான் தினம் ஒரு மேஸ்திரியிடம் போகும் ஆளுக்குக் கஷ்டம். நம் சபைகளில் படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்; ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் படிவம் நிரப்பிக் கொடுத்துவிடலாம். கோபுரமும் பாரிஷ் ஹாலும் கட்டிய கமிட்டிகள், தாங்கள் வேலைக்கு எடுத்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த அத்தாட்சியை எழுதிக் கொடுத்தோமா என்று முதலில் தங்கள் கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கட்டும்.