எக்ஸ்டிபக் வரியில் நிற்கும் பில்ட்

பாடாலூரில் இருந்து வேலை பார்க்கும் எனக்குத் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகள் பழகிப்போன சத்தம். போன மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது மடிக்கணினிக்குள் இருந்த கன்டெய்னர். 2013-ல் வெளிவந்த டாக்கர், ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான அத்தனையையும் ஒரே பெட்டியில் அடைக்கிறது. நாம் வைக்காத எதுவும் அந்தப் பெட்டியில் இருக்காது. இதை மறந்துவிட்டுத்தான் ராத்திரி இரண்டு மணி வரை திரையை முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய பிஎச்பி தளம் ஒன்றைப் புது மடிக்கணினியில் டாக்கர் வைத்து பில்ட் செய்தேன். டாக்கருக்கான செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் எக்ஸ்டிபக் நிறுவும் வரியில் நின்றது. டெரிக் ரெதன்ஸ் 2002 முதல் எழுதிவரும் பிழை தேடும் நீட்சி அது. நிரலை வரி வரியாக நிறுத்தி, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும்.

திரையின் அடியில் ‘எக்ஸிட் கோட் 1’ என்று இருக்கும். அது தோற்றுப்போனதை மட்டும் சொல்லும். காரணம் பல வரிகள் மேலே இருக்கும். டாக்கர் வெளியீட்டைச் சுருக்கிக் காட்டுவதால், ‘புரோகிரஸ்’ அமைப்பை ‘பிளெயின்’ என்று மாற்றி, கேஷ் இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள். மேலே போய் முதலில் வந்த ‘எரர்’ வரியைப் படியுங்கள்.

‘எக்ஸ்டிபக் என்ற கோப்புறை இல்லை’ என்று வந்தால் கட்டளையே தவறு. ‘எக்ஸ்ட்-இன்ஸ்டால்’ கட்டளை பிஎச்பியின் சொந்த மூலநிரலோடு வரும் நீட்சிகளுக்கு மட்டும். எக்ஸ்டிபக் வெளியாள். அதைப் பிஎச்பி நீட்சிகள் கிடைக்கும் பெக்கல் களஞ்சியத்திலிருந்து இறக்கி, பிறகு ‘எக்ஸ்ட்-எனேபிள்’ கொடுக்க வேண்டும். (பெக்கலை ‘பிக்கிள்’ என்று உச்சரிக்க வேண்டுமாம். ஊறுகாய் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.)

என் சிக்கல் வேறு. டேட்டா மிச்சமாகட்டும் என்று ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் அமைந்த இமேஜை, அதாவது பெட்டிக்கான அச்சை, எடுத்திருந்தேன். அடிப்படை ஆல்பைன் சில எம்பிதான். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்டிபக் சி மொழியில் எழுதப்பட்டது. பெக்கல் அதை அங்கேயே கம்பைல் செய்யும். டெபியன் வகை பிஎச்பி இமேஜில் கம்பைலர் சாமான்கள் இருக்கும், ஆல்பைனில் இருக்காது. அதனால் முதலில் ‘ஆட்டோகான்ஃப் கிடைக்கவில்லை’ என்றது. இமேஜிலேயே இருக்கும் ‘பிஎச்பிஐஸ் டெப்ஸ்’ என்ற மாறி, தேவையான சாமான்களின் பட்டியல். அதை ஆல்பைனின் பொதி நிறுவியான ஏபிகே மூலம் சேர்த்தேன். அடுத்து ‘ஆர்டிநெட்லிங்க் ஹெடர் வேண்டும்’ என்றது. 2022 டிசம்பரில் வந்த எக்ஸ்டிபக் 3.2-லிருந்து லினக்ஸ் கெர்னலின் அந்த ஹெடர் தேவைப்படுகிறது. ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ பொதியையும் சேர்த்ததும் பில்ட் நகர்ந்தது.

வேலை முடிந்ததும் இந்தச் சாமான்களைக் கழற்றிவிடலாம். ஆனால் சேர்த்த அதே ‘ரன்’ வரியிலேயே கழற்ற வேண்டும். டாக்கர் ஒவ்வொரு ‘ரன்’ வரியையும் ஓர் அடுக்காகச் சேமிக்கிறது. அடுத்த வரியில் நீக்கினால் மேலடுக்கு மறைக்குமே தவிர, கீழே சரக்கு அப்படியே கிடக்கும். எங்கள் பக்கத்து வெங்காயப் பட்டறையைச் சாக்கு போட்டு மூடினால் எடை குறையுமா?

‘நேற்று வரை ஓடியதே’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பெக்கலிடம் பதிப்பு எண் சொல்லாவிட்டால் புதியதையே இறக்கும். எக்ஸ்டிபக் 3.2-க்கு பிஎச்பி 8.0-ஆவது வேண்டும், 7.4-ல் இருப்பவர்கள் 3.1.6 என்று எண்ணோடு எழுத வேண்டும். பழைய கணினியில் கேஷ் இருந்ததால் இந்த வரி பல மாதம் ஓடாமலேயே தப்பித்திருக்கும்.

வாடிக்கையாளர் பயன்படுத்தும் இமேஜில் எக்ஸ்டிபக் வேண்டாம், வேகம் குறையும். டாக்கர்ஃபைலில் மேம்பாட்டுக்கென்று தனிக் கட்டம் வைத்து அதில் மட்டும் சேருங்கள்.

பில்ட் முடிந்ததும் கன்டெய்னருக்குள் போய் பிஎச்பியின் பதிப்பைக் கேளுங்கள். எக்ஸ்டிபக் ஏறியிருந்தால் கடைசி வரியில் அதன் பதிப்பு எண்ணோடு டெரிக் ரெதன்ஸ் பெயரும் இருக்கும். பெயர் இருந்தும் எடிட்டர் நிரலைப் பிடிக்கவில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள்: 2020-ல் எக்ஸ்டிபக் 3 வந்தபோது 9000 போய் 9003 ஆகிவிட்டது.