ஸ்பானிய மொழியும் தமிழர் நாவும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு வேற்று மொழி கற்பது புதிய அனுபவமன்று. தில்லியில் இந்தியும், மும்பையில் மராத்தியும், கொல்கத்தாவில் வங்காளமும் வாழ்க்கைத் தேவையின் பொருட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நாம். இப்போது நம் இளைஞர்களிற் சிலர் ஸ்பானிய மொழியையும் நாடுகின்றனர். ஸ்பெயினிலும், மெக்ஸிகோ முதல் அர்ஜென்டினா வரை பரந்த அமெரிக்க நிலப்பரப்பிலும், ஆப்பிரிக்காவின் ஒரு மூலையிலுமாக 20 நாடுகளில் அது ஆட்சிமொழியாக விளங்குகிறது. புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அதைப் பயிலலாம். ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனமும் 2009-ஆம் ஆண்டில் அந்நகரில் தன் நிலையத்தைத் திறந்தது.

இலக்கணத்தை நூல் கற்பித்துவிடும்; உச்சரிப்பை நாவே பழக வேண்டும். பிறர் நகைப்பரோ என்றஞ்சி வகுப்பில் வாய் திறவாமலே இருந்து, கற்றதையும் கைவிடுவோர் பலர். இக்கூச்சத்தைப் போக்க, ஸ்பானியக் குழந்தைகளின் விளையாட்டு ஒன்று கை கொடுக்கிறது. 'த்ரபலெங்குவாஸ்' என்பது அதன் பெயர். நாவைத் தடுக்கச் செய்வது என்பது பொருள். ஏழைக் கிழவனையும் வாழைப்பழத்தையும் வைத்து நம் பாட்டிமார் நடத்திய நாப்பயிற்சிக்கு அது உடன்பிறப்பு. தடுமாறுவதே இவ்விளையாட்டின் வேடிக்கையாதலால், தடுமாறியவர் வெட்கப்பட வேண்டுவதில்லை.

ஸ்பானியத்தில் ரகரம் இரண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. 'கரோ' என்பது விலை மிகுந்தது. 'கறோ' என்பது வண்டி. ஒலி பிழைத்தால் பொருளும் பிழைத்துவிடும். ஆனால் இவ்வேறுபாடு நமக்கு அயலானதா? நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருட ரகரமும், அண்ணத்தை ஒற்ற றகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் இரண்டையும் பிரித்தே வைத்தார். இன்றைய பேச்சில் நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். குமரி மாவட்டத்தாரும் மலையாளிகளும் வேறுபாட்டைக் காத்து வருகின்றனர். அண்டை வீட்டு மலையாள நண்பரைக் 'கரி' என்றும் 'கறி' என்றும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே கிடைக்கும்.

ஸ்பானிய றகரம் நம்முடையதினும் அதிகமாக அதிரும். நாவை இறுக்கினால் அது வராது. மேற்பல்லின் ஈறுக்குச் சற்றுப் பின்னே நுனிநாவை இலேசாக வைத்து மூச்சை வேகமாக விடுங்கள். காற்றில் கொடி படபடப்பது போல நா தானே படபடக்கும். குழந்தைகள் மோட்டார் வண்டியைப் போல ஒலியெழுப்புவதும் இவ்வாறே. ஸ்பானியக் குழந்தைகளுக்கும் கடைசியாகக் கைவரும் ஒலிகளில் இது ஒன்று. ஆதலால் சில வாரம் பொறுத்திருப்பதில் இழுக்கில்லை.

பிறகு ஒரு தொடரை எடுத்துக்கொள்ளலாம்: 'எல் பெறோ தே சான் றோகே நோ தியேனே றாபோ.' புனித ரோக்கின் நாய்க்கு வாலில்லை என்பது பொருள். இதில் அதிரும் றகரம் மூன்று முறை வருகிறது. ஸ்பானியத்தில் சொல்லின் முதலில் ரகரம் வந்தால் அது எப்போதும் அதிரும் என்பதையும் இத்தொடரே கற்பித்துவிடுகிறது.

அடுத்தது மூன்று சோகப் புலிகளின் தொடர். அதன் முதல் மூன்று சொற்களே போதும்: 'த்ரேஸ் த்ரிஸ்தேஸ் தீக்ரேஸ்.' ஆங்கில வழக்கத்தால் இங்கே டகரம் இடுவோர் உண்டு, அது பிழை. நமது தகரமே ஸ்பானியரின் தகரம். நமக்குள்ள இடர் வேறு. தமிழ்ச் சொல்லின் முதலில் தனிமெய் நில்லாது; ஆகவே 'திரேஸ் திரிஸ்தேஸ்' என்று இடையில் ஓர் இகரத்தை நுழைத்துவிடுகிறோம். இதைக் கண்டுபிடிக்கக் கைத்தாளமே போதும். அசைக்கு ஒரு தட்டு வீதம் தட்டினால் இம்மூன்று சொற்களுக்கும் ஐந்து தட்டுகள் வர வேண்டும். இகரம் நுழையுமிடமெல்லாம் ஒரு தட்டு கூடி, மூன்றிடத்திலும் நுழைந்தால் எட்டாகிவிடும். முதற்காலத்தில் பிழையின்றி வந்த பின்னரே இரண்டாங்காலத்துக்கும், அதன் பின் மூன்றாங்காலத்துக்கும் செல்ல வேண்டும்.

நமக்கு எளிதாக வாய்ப்பவையும் உண்டு. 'பந்து' என்பதில் தகரம் அழுத்தமாகவும், 'அது' என்பதில் மென்மையாகவும் ஒலிப்பதைக் கவனியுங்கள். ஸ்பானியத்திலும் 'எங்கே' எனப் பொருள்படும் 'தோந்தே' என்ற சொல்லின் நடுவில் அழுத்தம். விரலைக் குறிக்கும் 'தேதோ' என்ற சொல்லின் நடுவில் மென்மை. ஆங்கிலேயர் முயன்று கற்கும் இந்நுட்பத்தை நாம் அறியாமலே பெற்றிருக்கிறோம். 'ஸ்கூல்' என்பதை நம் மக்கள் 'இஸ்கூல்' என்பர். ஸ்பானியரும் பள்ளியை 'எஸ்குவேலா' என்றே வழங்குகின்றனர். அங்கே அதுவே செம்மையான வடிவம்!

நாள்தோறும் பத்து நிமிஷம், வீட்டாரும் கேட்கும்படி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். குழந்தைகளையும் உடன் சேர்த்துக்கொண்டு, புலிகளுக்குப் பின் நம் வாழைப்பழத்தையும் சொல்லச் செய்யுங்கள். தமிழ் கேட்கும் வாய்ப்புக் குறைந்த ஊர்களில் வளரும் அவர்கள் நாவில் ழகரமும் றகரமும் நிலைபெறவும் அதே பத்து நிமிஷம் உதவும்.