லேபிள்ல சப்போட்டா... கிளையில வேற ஏதோ!

'சப்போட்டா'னு நம்பி வாங்கி வெச்ச செடியில, வேப்பம்பழ சைஸுக்கு மஞ்சளா ஏதோ தொங்குதா? நர்சரிக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் குனிஞ்சு அடிமரத்தைப் பாருங்க பாஸ்!

ஒட்டுச் செடிங்கிறது அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் மாதிரி. மேலே சப்போட்டா, கீழே வேர் பாலை மரத்தோடது. நம்ம ஊர்க் காடுகள்ல வறட்சியைத் தாங்கி வளர்ற கெட்டியான மரம் அது. ரெண்டும் ஒரே குடும்பம்கிறதால ஒட்டு பிடிச்சுக்கும். வெயில்லயோ, ஆடு கடிச்சோ மேலே இருக்கிற சப்போட்டா காய்ஞ்சு போச்சுன்னா, பாலை சும்மா இருக்காது. ஒட்டுக்குக் கீழே துளிர்விட்டு, மொத்த இடத்தையும் பிடிச்சுடும். லேபிள் மட்டும் பாவம், 'சப்போட்டா - கிரிக்கெட் பால்'னு தொங்கிட்டே இருக்கும். (கிரிக்கெட் பால்ங்கிறது நிஜமாவே ஒரு சப்போட்டா ரகம்ங்க!)

பழம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். இலை நுனியைப் பாருங்க. சப்போட்டா இலை பெரும்பாலும் கூம்பி முடியும். பாலை இலை நுனியில, நடுவுல சின்னதா ஒரு வெட்டு இருக்கும். பால் வடியுறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டுலயும் வடியும். ஒட்டுத் தழும்புக்கு மேலே சப்போட்டா கிளை உயிரோட இருந்தா, கீழே வர்ற துளிரையெல்லாம் உடனே கிள்ளிடணும். அவ்வளவுதான், தப்பிச்சுடும்.

முழுசா பாலையாவே ஆயிட்டா? என் ஃப்ரெண்ட் வீட்டுல அதுதான் நடந்தது. பத்து வருஷம் தண்ணி ஊத்தின கோபத்துல அவன் அப்பா அரிவாளை எடுக்க, பாட்டி குறுக்கே நின்னுட்டாங்க. சின்ன வயசுல பாலைப்பழம் பொறுக்கித் தின்னவங்க அவங்க. தித்திப்புதான், ஆனா உதட்டுல பிசின் மாதிரி ஒட்டிக்கும்.

மரம் தப்பிச்சது. சப்போட்டாவுக்கு வேற குழி வெட்டியாச்சு. இந்தத் தடவை இலை நுனியைப் பார்த்துட்டுத்தான் அப்பா பர்ஸையே எடுத்தாராம்!